மற்றும் பிறர்: நூலகவியல் கருத்தரங்குகளும் கூட்டாய்வும்

இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு ஒன்றின் அழைப்பிதழ் என் மேஜைமேல் கிடக்கிறது. மதுரைக்கு வெளியே, நான்குவழிச் சாலையோரத்தில் இருக்கிற ஒரு கல்லூரி. மின்னணு யுகத்தில் நூலகங்கள் எதிர்கொள்ளும் சவால்களும் வாய்ப்புகளும் என்பதாகத் தலைப்பு. இந்தச் சவால்களும் வாய்ப்புகளும் இருபத்தைந்து வருஷமாக என்னைத் துரத்திக்கொண்டிருக்கின்றன. யுகத்தின் பெயர் மட்டும்தான் அவ்வப்போது மாறும். உபதலைப்புகள் முப்பதுக்கு மேல். அதற்குக் கீழே பதிவுக் கட்டண விவரம். அதற்கும் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: இணையாசிரியர் ஒவ்வொருவரும் தனித்தனியே கட்டணம் செலுத்த வேண்டும்.

இந்த வரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நமது கல்விச் சூழலில் 'கூட்டு' என்பது என்னவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்பது இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஒரு கட்டுரைக்கு மூன்று ஆசிரியர்கள் என்றால் மூன்று பேர் சேர்ந்து யோசித்தார்கள், சண்டை போட்டார்கள், ஒருவர் தப்பை இன்னொருவர் திருத்தினார் என்றெல்லாம் பொருளில்லை. மூன்று கட்டணம், மூன்று சான்றிதழ், மூன்று பை.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவன். இதைக் குறைசொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் கிடையாது. நானும் பை வாங்கியிருக்கிறேன். கருத்தரங்கின் பெயர் அச்சடித்த பை ஒன்றில்தான் எங்கள் வீட்டில் வெங்காயம் கிடக்கிறது. என்னுடைய பங்கு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கருத்தரங்கு நடக்கும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். காலையில் குத்துவிளக்கு. எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் தமிழுக்கு அன்றைய வேலை முடிந்துவிடும். வரவேற்பு, தலைமை, சிறப்பு, வாழ்த்து, நன்றி எல்லாம் ஆங்கிலத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு வகுப்பறைகளில் ஒரே நேரத்தில் அமர்வுகள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர். "தம்பி, முன்னுரையெல்லாம் வேணாம், முடிவை மட்டும் சொல்லிட்டு எறங்குங்க" என்பார் அமர்வுத் தலைவர். கேள்வி கேட்க நேரமில்லை. கேட்டால் கேட்டவனைத்தான் எல்லோரும் முறைப்பார்கள், நாலரைக்கு பஸ் பிடிக்க வேண்டும். சான்றிதழ் மேஜையில் நடக்கிற பேச்சு இது:

"அண்ணே, ஒங்க கட்டுரையில இன்னும் ரெண்டு பேரு இருக்காங்களே, வரலையா?"

"வரலைப்பா."

"பரவால்லண்ணே. நீங்களே கையெழுத்துப் போட்டு மூணையும் வாங்கிக்கங்க."

இதையெல்லாம் தனிமனித ஒழுக்கக் கேடு என்று பேசி முடித்துவிடுவது சுலபம். அப்படிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கருத்தரங்கு என்கிற வடிவம் ஒரு குறிப்பிட்ட அதிகாரக் கணக்கால் உற்பத்தி செய்யப்படுகிறது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த புள்ளிமுறையில் சர்வதேசக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 10 புள்ளி, தேசிய அளவில் 7.5, மாநில அளவில் 5, உள்ளூரில் 3. கல்லூரி நூலகர்களும் இதற்குள் அடக்கம். புள்ளி இருந்தால் பதவி உயர்வு. பிறகென்ன, உள்ளூர்க் கூட்டங்களுக்கெல்லாம் தேசியப் பெயர் வந்தது, தேசியக் கூட்டங்கள் சர்வதேசம் ஆயின. 2016 விதிமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் குறைந்தது இரண்டு கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும், ஒரு கட்டுரை அச்சில் வந்திருக்க வேண்டும். 2022இல் இந்தக் கட்டாயம் நீங்கியது. அங்கீகரித்த இதழ்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் போலிகள் நிறைந்துவிட்டன என்று 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரே அடியில் நீக்கினார்கள். 2019இல் கேர் பட்டியல் என்று புதிதாக ஒன்று. 2025இல் அதையும் கைவிட்டாயிற்று.

கூட்டாய்வுக்கு இந்த விதிமுறைகள் வைத்திருக்கும் கணக்கு அதைவிடச் சுவாரஸ்யமானது. 2010 விதிப்படி முதல் ஆசிரியரும் நெறியாளரும் மொத்தப் புள்ளியில் 60 சதவீதத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மிச்சம் 40 மற்றவர்களுக்கு. பங்காளிகள் நிலம் பிரித்துக்கொள்கிற மாதிரி. 2018இல் இதை மாற்றி, இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம் என்றார்கள். மூன்று பேர் என்றால் முதல்வருக்கு 70, மற்ற இருவருக்கும் தலா 30. கூட்டிப் பாருங்கள், இரண்டு பேர் எழுதினால் 140, மூன்று பேர் எழுதினால் 130. தனியாக எழுதினால் வெறும் 100. ஆசிரியன் செத்துப்போனான் என்று ரோலன் பார்த் அறுபதுகளில் எழுதியதை நாம் தொண்ணூறுகளில் மொழிபெயர்த்து விவாதித்துக்கொண்டிருந்தோம். அவன் சாகவில்லை. பெருகிவிட்டான்.

நூலகத் தகவல் அறிவியலில் இந்தப் பெருக்கத்தையே ஆராய்வதற்கு ஒரு துறை இருக்கிறது. அறிவியலளவியல் என்கிறார்கள். 1926இல் லோட்கா தொடங்கிவைத்த கணக்கு: எத்தனை பேர் ஒரே ஒரு கட்டுரை எழுதினார்கள், எத்தனை பேர் பத்து எழுதினார்கள் என்பது. 1983இல் கே. சுப்பிரமணியம் என்பவர் கூட்டு அளவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையை மொத்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை ஒன்றை நெருங்க நெருங்கக் கூட்டு அதிகம். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் நூலகவியல் முனைவர் பட்ட ஆய்வுகளில் கணிசமான பகுதி இந்தச் சூத்திரத்தை ஏதோ ஒரு நோய்க்கோ, ஒரு பயிருக்கோ, ஒரு நாட்டுக்கோ பொருத்திப் பார்த்தவைதான். தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை இறக்குவது, அட்டவணை போடுவது, கூட்டு அதிகரித்துள்ளது என்று முடிப்பது. இந்த முடிவைக் கருத்தரங்கில் வாசிக்கிற கட்டுரைக்கும் மூன்று ஆசிரியர்கள், அதில் இரண்டு பேர் வந்திருக்க மாட்டார்கள்! எண்ணுகிற கருவிக்குப் பெயரைத்தான் பார்க்கத் தெரியும். பெயருக்குப் பின்னால் ஆள் இருக்கிறானா என்பது அதற்குத் தெரியாது. பெயர் இல்லாமல் ஆள் இருந்தால் அதுவும் தெரியாது. நான் முக்கியமாகக் கருதுவது இந்த இரண்டாவதை.

மாலை போட்ட படத்தில் இருக்கிறவரையே எடுத்துக்கொள்வோம். ரங்கநாதன் சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவருடைய ஐந்து விதிகள் நூல் 1931இல் சென்னை நூலகச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அட்டையில் ஒரே பெயர். சுப்பிரமணியத்தின் சூத்திரப்படி கூட்டு அளவு பூச்சியம். ஆனால் அந்த விதிகள் உருவான கதையை ரங்கநாதனே பதிவு செய்திருக்கிறார். 1928இல் நூலக வேலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக என்ன கொள்கை இருக்க முடியும் என்று தலையை உடைத்துக்கொண்டிருந்தபோது, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எட்வர்டு ராஸ் ஒரு மாலையில் பார்க்க வந்திருக்கிறார். பேசிக்கொண்டிருந்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, புத்தகம் பயன்படுத்தத்தான் என்கிற முதல் விதியை ஒரு வாக்கியமாகச் சொன்னவர் அவர்தான். மற்ற நான்கும் அதிலிருந்து விறுவிறுவென்று பிறந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில் ரங்கநாதன் அவற்றை முதன்முதலாகப் பொதுவில் வைத்தார்.

ஆக, உலக நூலகவியலுக்குத் தமிழ்நாடு கொடுத்த ஆகப் பெரிய பங்களிப்பு ஒரு கூட்டு உரையாடலில் பிறந்து ஒரு மாநாட்டில் வெளிப்பட்டிருக்கிறது. நான் மாநாடுகளுக்கு எதிரியல்ல. அந்த மாநாடு என்ன செய்தது, இப்போதைய கருத்தரங்கு என்ன செய்கிறது என்பதுதான் பிரச்சினை. விதிகள் அச்சான அதே 1931இல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகம் ஒன்றை அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். சிதம்பரத்தில் பேசியது மூன்று வருஷத்தில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. அந்த வண்டியை ஓட்டியவர் யார்? எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. ராஸுக்காவது ரங்கநாதன் நன்றி சொன்னார். பேராசிரியருக்குக் கிடைத்த இடம் வண்டிக்காரருக்குக் கிடைக்கவில்லை. இதில் சாதியும் வர்க்கமும் இல்லை என்று யாரும் சொல்ல வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

1948இல் இங்கிலாந்தில் லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் ஆஸ்லிப் மாநாட்டில் ரங்கநாதன் இன்னொன்றைச் சொன்னார். உயிரளவியல், பொருளாதார அளவியல் போல நூலகத்துக்கும் ஓர் அளவியல் வேண்டும் என்று. நூலகம் செய்யும் வேலையைப் புள்ளியியலின் துணையோடு அளந்து சீர்செய்வதே நோக்கம். அதே 1948இல்தான் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறுகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அந்த ஆண்டில் அளவியலும் சட்டமும் ஒரே மனிதருடைய தலையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இன்றைக்கு இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக நாம் கட்டுகிறோம். உள்ளாட்சிகள் வசூலித்த அந்தக் காசை நூலகத் துறைக்கு ஒழுங்காகக் கொடுக்கின்றனவா என்று அளப்பதற்கு நம் அளவியலாளர்களிடம் ஒரு சூத்திரமும் இல்லை. இதற்குத் தரவுத்தளத்தில் பதிவு கிடையாது. பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய் உட்கார வேண்டும்.

1969இல் ஆலன் பிரிச்சர்ட் என்கிற ஆங்கிலேயர் நூலளவியல் என்கிற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதே 1969இல் பாரிஸில் மிஷேல் ஃபூக்கோ, ஆசிரியன் என்றால் என்ன என்று கேட்டு ஓர் உரை நிகழ்த்தினார். ஆசிரியன் என்பது பிரதிகளை வகைப்படுத்தவும் கட்டுப்படுத்தவும் ஒரு சமூகம் வைத்திருக்கும் ஏற்பாடு என்கிற திசையில் போகிற உரை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஒருவர் பெயரை எண்ணச் சொன்னார், இன்னொருவர் பெயரைச் சந்தேகிக்கச் சொன்னார். நமது நூலகவியல் துறைகள் முதலாமவரை எடுத்துக்கொண்டன. சிறுபத்திரிகைக்காரர்கள் இரண்டாமவரை எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டு நூலகத்துக்குள் போகாமல் இலக்கியத்தோடு நின்றுவிட்டோம் என்பது நம்மேல் எனக்குள்ள குறை.

நூலகத்துக்குள் போயிருந்தால் ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். நூற்பட்டியல் தயாரிப்பவர்களுக்கு ஆங்கிலோ அமெரிக்க விதித்தொகுப்பு என்று ஒன்று உண்டு. 1978இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பைத்தான் நாங்கள் படித்தோம். அதில் 'மூவர் விதி'. ஒரு நூலுக்கு மூன்று ஆசிரியர் வரை இருந்தால் பெயர்களைக் குறிக்கலாம். நான்கு ஆகிவிட்டால் முதல் பெயரை மட்டும் எழுதி 'மற்றும் பிறர்' என்று போட்டுவிட வேண்டும். அட்டையில் இடமில்லை என்பது காரணம். 2010இல் வந்த புதிய விதித்தொகுப்பு இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது, கணினியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் முப்பது வருஷப் பட்டியல்கள் அப்படியே இருக்கின்றன. சந்தேகமிருந்தால் ஏதாவதொரு பழைய நூலகத்தில் அட்டைப் பெட்டியை இழுத்துப் பாருங்கள்.

இதன் விளைவு என்ன? 1995 கொடியன்குளம், 1997 மேலவளவு என்று தென்மாவட்டங்களில் தலித்துகள் மீது நடந்த வன்முறைகளை ஒட்டி உண்மை அறியும் குழுக்கள் போயின, அறிக்கைகள் வந்தன. வக்கீல், வாத்தியார், பத்திரிகைக்காரர், எழுத்தாளர் என்று ஏழெட்டுப் பேர். ஊர் ஊராகப் போய், பாதிக்கப்பட்டவர்கள் சொல்லக் கேட்டு எழுதி, ராத்திரியில் சண்டை போட்டு வாசகம் திருத்தி, கடன் சொல்லி அச்சடித்தார்கள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கூட்டாய்வு என்கிற சொல்லுக்கு முழு அர்த்தத்தில் பொருந்துகிறவை அவைதாம் என்பேன். அவற்றுக்கு ஐஎஸ்பிஎன் கிடையாது. எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. இருபது பக்கப் பிரசுரம் என்பதால் பல நூலகங்கள் சேர்ப்பதே இல்லை. சேர்த்தாலும் முதல் பெயர், மற்றும் பிறர். சாட்சி சொன்னவர்கள் 'பிறர்' என்பதற்குள்ளும் வரமாட்டார்கள். எந்த எண்ணின் கீழ் அடுக்குவது என்பது இன்னொரு கூத்து. தமிழ் இலக்கியத்துக்குத் தூயியின் தசாம்சப் பகுப்பில் 894.811, ரங்கநாதனின் கோலன் பகுப்பில் ஓ31. இந்தப் பிரசுரங்களுக்கு என்ன எண்? ஒரு கருத்தரங்கில் இதைக் கேட்டேன். தேநீர் இடைவேளையில் பேசிக்கொள்ளலாம் என்றார் தலைவர். இடைவேளையில் அவரைக் காணோம்.

மதுரைக்கு மாநாடு புதிதல்ல. சங்கப்பலகை தகுதியான புலவனுக்கு இடம் கொடுத்ததாகச் சொல்லும் கதையை வைத்திருக்கிற ஊர் (கட்டணம் வாங்கியதாக அந்தக் கதையில் இல்லை). 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச்சங்கம் நிறுவினார். மதுரைக்குச் சொற்பொழிவுக்கு வந்த இடத்தில் குறளும் கம்பராமாயணமும் தேடிக் கிடைக்கவில்லை, அதுதான் காரணம் என்று சொல்வார்கள். அந்தச் சங்கம் நூலகம் வைத்தது, அச்சகம் வைத்தது, 'செந்தமிழ்' இதழ் நடத்தியது. கூடிப் பேசுவதும் புத்தகம் சேர்ப்பதும் ஒரே காரியமாக இருந்தன. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு இதே ஊரில் நடந்தது. ஐந்து மாதம் கழித்து யாழ்ப்பாணத்தில் பொதுநூலகத்தைக் கொளுத்தினார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள். எரிந்த மண்ணிலிருந்து 2005இல் கிளம்பிய நூலகம் திட்டம், பல நாடுகளில் சிதறிக் கிடக்கிற ஈழத்தமிழர்கள் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் வருடியில் வைத்து வலையேற்றி வருவது. எந்த மேடையையும் எதிர்பார்க்காத கூட்டு.

நமக்கு இன்னும் பக்கத்தில் கோட்டையூர் இருக்கிறது, காரைக்குடிக்கு அருகில். ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். நாற்பது வருஷம் போல நூல், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார். பெரிய நூலகங்கள் குப்பை என்று கருதியவற்றையும் சேர்த்தார் என்பதுதான் விசேஷம். ஆய்வாளர்கள் அவரைத் தேடிக் கோட்டையூருக்குப் போனார்கள். 1992இல் அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அங்கே தென்னாசிய நூலகராக இருந்த ஜேம்ஸ் நை இதில் முன்னின்றவர். வாங்கி அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைத்து, நுண்படம் எடுத்து, பட்டியல் போட்டார்கள். வெளிநாட்டுப் பணம், உள்ளூர் உழைப்பு என்கிற உறவில் உள்ள அதிகாரத்தை நான் மறக்கச் சொல்லவில்லை. ஆனாலும் தமிழ் அச்சுப் பண்பாடு குறித்து அதற்குப் பிறகு எழுதப்பட்ட எத்தனையோ நூல்கள் அந்தச் சேகரிப்பின் மேல் நிற்கின்றன. அவற்றின் அடிக்குறிப்பில் நூலகத்தின் பெயர் வரும். ஒவ்வொரு தாளையும் பிரித்துத் தூசு தட்டி, தலைப்பைப் படித்துப் பட்டியலில் ஏற்றியவர்கள் எங்கேயும் இணையாசிரியர் ஆக மாட்டார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். 2016 விதி என் தலைமேல் இருந்தது. கிராமப்புற வாசிப்பு என்று ஒரு தலைப்பு எடுத்துக்கொண்டு, வாடிப்பட்டிப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்துக்கு ஆறேழு முறை போனேன். அந்த நூலகர் ஒரு பெண். ஒற்றை அறை, தகரக் கதவு, கரண்ட் இருந்தால் மின்விசிறி. பல வருஷத்து வருகைப் பதிவேட்டையும் நூல் வழங்கும் பதிவேட்டையும் கட்டிக் கட்டி வைத்திருந்தார். எலி கடித்த இடத்தைக்கூடப் பேப்பர் ஒட்டிச் சரிசெய்திருந்தார். அது போதாதென்று மாதவாரியாக ஒரு நோட்டில் தானே கூட்டுத்தொகை எழுதி வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தது. அந்த நோட்டை எனக்குக் கொடுத்தார். அதுதான் என் தரவு முழுக்க.

கட்டுரையை 2019இல் ஒரு கருத்தரங்கில் வாசித்தேன், தொகுப்பிலும் வந்தது. மூன்று பெயர்கள். நான், என் நெறியாளர், நெறியாளருக்கு வேண்டிய இன்னொருவர். இந்த மூன்றாமவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. நூலகரின் பெயரைச் சேர்க்கலாமா என்று ஒருமுறை மெதுவாகக் கேட்டேன். "அவங்க குவாலிபிகேஷன் என்னன்னு கேப்பாங்கப்பா. யார் பேரைப் போடுறதுன்னு ஒரு முறை இருக்குல்ல" என்று பதில் வந்தது. நான் வற்புறுத்தவில்லை. நன்றியுரையில் 'நூலகப் பணியாளர்களுக்கு' என்று பொதுவாக ஒரு வரி எழுதினேன்.

தொகுப்பின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க ஊரு எங்க சார் வருது?" என்றார். அட்டவணையைக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததால், என்ன கண்டுபிடித்திருக்கிறோம் என்று தமிழில் சொல்லச் சொன்னார். தை, மாசி மாதங்களில் வாசகர் வருகை சரிகிறது, இது வாசிப்பு ஆர்வம் நீடிக்காததைக் காட்டுகிறது. பெண்கள் நூல் எடுப்பது மிகக் குறைவு, கிராமப்புறப் பெண்களிடம் வாசிப்புப் பழக்கம் வேர்விடவில்லை. இவை இரண்டும் எங்கள் பிரதான முடிவுகள்.

சிரித்துவிட்டார்.

"சார், தை மாசியில கதிரறுப்பு. ஊரே வயல்ல கெடக்கும்போது எவன் சார் இங்க வந்து பேப்பர் படிப்பான்? ராத்திரி ஏழு மணிக்குத் தொறந்து வச்சா வருவாங்க, எனக்கு உத்தரவு இல்ல. பொம்பளைங்க எடுக்கலைன்னு யாரு சொன்னா? அவங்க பேருல கார்டு இருக்காது சார். மகன் கார்டு, வீட்டுக்காரரு கார்டுலதான் எடுத்துட்டுப் போவாங்க. நீங்க பேரைத்தான பாத்தீங்க, புத்தகத்தைப் பாத்தீங்களா? ரமணிசந்திரனை ஏழாப்புப் பையன் எதுக்கு சார் எடுக்கப் போறான்?"

பதிவேட்டை விரித்தார். அப்படித்தான் இருந்தது. பையன்களின் பெயரில் வரிசையாகக் குடும்ப நாவல்கள், சமையல் புத்தகம், சில இடங்களில் ராஜம் கிருஷ்ணன், சிவகாமி. நான் எண்ணியது பெயர்களை. எண்ணுவதற்கு எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் பெயர்களைத்தான்.

அவர் மட்டும் பெயரளவில் இல்லாமல் நிஜமாகவே இணையாசிரியராக இருந்திருந்தால், வரைவை ஒருமுறை அவரிடம் படித்துக் காட்டியிருந்தால், அந்த இரண்டு முடிவுகளும் வந்திருக்கவே வந்திருக்காது. பெயர் விட்டுப்போனது ஓர் அநியாயம். அதனால் கட்டுரையே பொய்யாகிவிட்டது என்பதைத்தான் நான் தாமதமாகப் புரிந்துகொண்டேன். தொகுப்பாசிரியரிடம் திருத்தம் போட முடியுமா என்று கேட்டேன். ஐஎஸ்பிஎன் வாங்கியாச்சு, இனிமே கைவைக்க முடியாது என்றார். அதற்குப் பிறகு வந்த இரண்டு கட்டுரைகள் எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கின்றன, கிராமப்புறப் பெண்களிடம் வாசிப்புப் பழக்கம் இல்லை என்பதற்கு ஆதாரமாக. அறிவியலளவியல் கணக்கில் இது எனக்குப் பெருமை.

கருத்தரங்குகளை மொத்தமாகத் தூக்கி எறியச் சொல்கிறாயா என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, குடும்பத்தில் முதல் பட்டதாரி, ஒலிபெருக்கியைப் பிடித்த கை நடுங்க ஐந்து நிமிஷம் பேசிவிட்டு இறங்கியதை நானும் பார்த்திருக்கிறேன். அவளுக்கு வேறு எந்த மேடையும் கிடைத்திருக்காது. அந்த ஐந்து நிமிஷத்தைப் பிடுங்க நான் யார்? ஆனால் அவள் பேசியது ஆங்கிலத்தில், மனப்பாடமாக. தன் ஊர் நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும், சாப்பிடும்போது என்னிடம் அவ்வளவு விவரமாகச் சொன்னாள். மேடையில் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு உரிய இடம் அது என்று அவளுக்குத் தோன்றவில்லை. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பஞ்சாயத்துதோறும் நூலகம் கட்டினார்கள். நான் போன ஊர்களில் பலவற்றில் அந்தக் கட்டடங்களுக்குப் பூட்டு. 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். போய்ப் பார்த்தேன், பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் படிக்கிறார்கள், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்தச் சாலையிலிருந்து அந்த மாணவியின் ஊர் வரைக்கும் உள்ள தூரத்தை எந்தக் கருத்தரங்கு அளக்கப் போகிறது?

வாடிப்பட்டிப் பக்கத்து நூலகத்துக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். நானும் அந்த நூலகரும் வழங்கு பதிவேட்டை வரிவரியாகப் பார்க்கிறோம். எந்தக் கார்டில் யார் படித்தார்கள் என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இல்லாத இடத்தில் ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். "யக்கா, இந்த 'வேருக்கு நீர்' நீ எடுத்ததா, மதினி எடுத்ததா?" என்று வாசலில் நின்று கேட்பார். தெருவில் போகிறவர்களும் நின்று பதில் சொல்வார்கள். சில பெண்கள் தாங்கள் படித்ததை எழுத வேண்டாம் என்கிறார்கள், அதை எழுதுவதில்லை. தமிழில்தான் எழுதுகிறோம். எதில் போடுவது என்று தெரியவில்லை, புள்ளி எதுவும் கிடைக்காது.

முதல் பக்கத்தில் அவர் பெயரை முதலில் எழுதினேன். அவர் அடித்துவிட்டார். "வேணாம் சார். மேல அனுமதி வாங்காம எழுதுனேன்னு மெமோ வரும்." உங்கள் பெயரில்லாமல் போடுவதாக இல்லை என்றேன். ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. பதிவேட்டில் 2014 வைகாசி வரைக்கும் வந்திருக்கிறோம்.